கரை தாங்கும் எடை

தெற்கிலிருந்து மாற்றலாகி இந்தக் கல்கத்தா அலுவலகத்துக்கு வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். விற்பனை இலக்கை எட்டும் வழிகளை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் உங்கள் மாடியிலேயே இருக்கிறார்கள். இழுவிசை, கியர், டயர் பற்றியெல்லாம் கையேட்டில் படித்துக்கொள்ளலாம். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்களுக்கு முன் செய்த ஒரு விற்பனையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்களில் யாருக்காவது ஒருநாள் இது உதவலாம்.

நான் பிறந்து வளர்ந்தது இந்த ஊரில்தான். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை, டாலிகஞ்சில் வீடு. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் பெங்காலி. அந்த இரண்டு மொழியும் தெரிந்ததால்தான் கம்பெனி என்னை விவசாய வண்டிகள் பிரிவில் போட்டது. பெஹாலாவில் உள்ள நம் ஷோரூமில், தெற்கே ஆற்றுப் பக்கத்திலிருந்து வரும் விவசாயிகளுக்கு ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளைக் காட்டுவது என் வேலை. ஒரு பெண்ணிடமா இதையெல்லாம் கேட்பது என்று முதலில் தயங்கினவர்கள், பிறகு பிள்ளைகளை அனுப்பும்போது "அந்த தீதியைப் பார்" என்று சொல்லி அனுப்பினார்கள். தீதி என்றால் அக்கா, தாதா என்றால் அண்ணன்.

நிர்மல் மண்டல் வந்தது நல்ல மழைக்காலத்தில். ஐம்பது வயதைத் தாண்டியவர். சலவை செய்த வெள்ளைச் சட்டை. செருப்பின் ஓரத்தில் மட்டும் காய்ந்த சேறு. காக்த்வீப்புக்குத் தெற்கே ஆற்றோரம் நிலம். நெல், மிளகாய், வெற்றிலைக் கொடிக்கால், மீன் குட்டைகள் என்று சொன்னார். கூட அவருடைய மகள் மிதாலி. பவானிபூரில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறவள். தோளில் புத்தகப் பையோடு நேராக வகுப்பிலிருந்து வந்திருந்தாள்.

வாங்க வருகிறவர்கள் முதலில் கதவைத் திறந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. இருப்பதிலேயே பெரிய வண்டியைத் தேடிப் போனார். இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் திறந்த தட்டும் உள்ள கனமான வண்டி அது. அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வயிற்றுக்கு அடியில் கையை நீட்டித் தரைக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி என்று தடவிப் பார்த்தார்.

"இது எந்தச் சேத்துலயாவது நிக்குமா?" என்று கேட்டார்.

அப்போது என்னோடு கார்த்திக் இருந்தான். பொள்ளாச்சிப் பையன், வண்டிப் பொறியாளர், பிரமாதமாக ஓட்டுவான். அவனுடைய அரைகுறை பெங்காலியில் நான்கு சக்கரமும் ஒன்றாக எப்படிச் சுற்றும் என்று விளக்க ஆரம்பித்தான். நிர்மல் பாபு பொறுமையாகக் கேட்டார்; இங்கே மரியாதைக்குப் பெயரோடு பாபு சேர்த்துத்தான் சொல்வோம். முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"போன வருஷ மழையில இது என்கிட்ட இருந்திருந்தா, என் சம்சாரம் பிழைச்சிருப்பாளா?"

மிதாலி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே சாலையைப் பார்த்தாள். மழையில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.

இந்த இடத்தில் உங்களை நிறுத்துகிறேன். அந்த மாதிரிக் கேள்வி வரும்போது ஒரு தலையாட்டல் போதும். வண்டி அன்றைக்கே விற்றுப்போகும். கேட்பவரும் அந்தத் தலையாட்டலைத்தான் எதிர்பார்த்து வந்திருப்பார். ஆனால் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகு, வாசலில் நிற்கும் வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு என்ன தோன்றும்?

நான் தேநீர் வரவழைத்தேன். "முதல்ல உட்காருங்க, தாதா. என்ன நடந்ததுன்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் வீடு ஆற்றோரம் போட்ட மண் கரையின் மறுகோடியில். செங்கல் பாவிய சாலை அவருடைய அண்ணன் வீட்டோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு கரைமேல்தான் போக வேண்டும். மனைவிக்கு மழை நாளில் நெஞ்சு வலி வந்தது. ஒரு வாடகை வண்டியைக் கெஞ்சிக் கூட்டி வந்தார்கள். அவளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது அது கரைமேல் சேற்றில் மாட்டிக்கொள்ள, ஓட்டுநர் நிறுத்திவிட்டான். கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். செங்கல் சாலையைத் தொடுவதற்குள் அவள் போய்விட்டாள்.

அவர் சொல்லி முடித்ததும் மிதாலி முதல் முறையாகப் பேசினாள். "ஒரு வண்டி வாங்கச் சொல்லி நான் கெஞ்சிட்டே இருந்தேன், ஆன்ட்டி. இவர் மீன் குட்டை வெட்டினார்."

இவர் என்றாள், அப்பா என்று சொல்லவில்லை. அவர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். மறுக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அவ சொல்றது சரிதான்" என்றார்.

"உங்க பாதையை நான் பார்க்கணும். பார்க்காம ஒண்ணும் சொல்ல மாட்டேன். இதே பெரிய வண்டியைக் கொண்டு வரேன். அதுல எல்லாரும் போவோம்" என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெஹாலாவிலிருந்து கிளம்பினோம். கார்த்திக் ஓட்டினான். முன் இருக்கையில் அவனுக்கு இடப்பக்கம் நிர்மல் பாபு. பின்னால் நானும் மிதாலியும். வழியெல்லாம் மழை விட்டு விட்டுப் பெய்தது. அப்பாவும் மகளும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவர் ஏதாவது கேட்டால் அவள் என்னிடம் பதில் சொன்னாள்.

செங்கல் சாலை முடிந்த இடத்தில் நானும் கார்த்திக்கும் இறங்கிக் கரைமேல் கொஞ்ச தூரம் நடந்தோம். மேலே புல் பிடித்து உறுதியாகத்தான் இருந்தது. இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் தாழ்வாக வயல். வண்டி போக அகலம் இருந்தது. அதற்குமேல் அதிகம் இல்லை. கார்த்திக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டு, "மெதுவாப் போனா போயிரலாமுங்க மேடம்" என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது.

வண்டி நன்றாகவே போனது. முழங்கால் வரை சேறு இருந்த ஒரு பள்ளத்தை அது ஏறிக் கடந்தபோது நிர்மல் பாபு டேஷ்போர்டைத் தடவிக் கொடுத்தார். வாடகை வண்டி மாட்டிக்கொண்ட இடம் அதுவாக இருக்கும் என்று நினைத்தேன். அது இல்லை, இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்தது.

அந்த இடம் வந்ததும் அவரே சொன்னார். "இங்கதான்."

சொல்லி வாய் மூடவில்லை, பின் இடது சக்கரம் இறங்கியது. சேற்றில் புதைவது ஒரு மாதிரி இருக்கும். அது உங்களுக்கும் பழகிவிடும். இது வேறு மாதிரி. காலுக்குக் கீழே படி நழுவுவது போல வண்டி ஆற்றுப் பக்கம் சாய்ந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கரையின் நீளத்துக்கு, எங்கள் சக்கரத்துக்கு இணையாக, மண்ணில் ஒரு விரிசல் ஓடியது. கடல் ஓதத்தில் ஏறி இறங்கும் ஆறு கரையை அடியில் அரித்து வைத்திருந்தது. மேலே இருந்த புல்லுக்கு அது தெரியாது.

"நிறுத்தாதீங்க. போங்க, போங்க" என்று நிர்மல் பாபு கார்த்திக்கின் தோளைப் பிடித்தார். "அன்னிக்கும் இங்கதான் அவன் நிறுத்தினான்."

கார்த்திக்கின் கால் ஆக்ஸிலரேட்டர் மேல் இருந்தது. அவனுக்கும் ஓர் அழுத்து அழுத்தினால் வெளியே வந்துவிடலாம் என்று தோன்றியிருக்க வேண்டும். கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான்கு சக்கரமும் இழுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் இழுக்கும்போது அவை மண்ணைப் பின்னால் தள்ளும். அந்த மண் தள்ளினால் தாங்குகிற நிலையில் இல்லை.

"காலை எடு, கார்த்திக்" என்று தமிழில் சொன்னேன். "திடீர்னு பிரேக் போடாத. அப்படியே நிக்கட்டும். எஞ்சினை அணைச்சிடு."

"மேடம், இன்னும் கொஞ்சம்..."

"வேண்டாம். அணை."

அணைத்தான். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. எல்லோரும் வயல் பக்கக் கதவு வழியாக, ஒருவர் பின் ஒருவராக, அசங்காமல் இறங்க வேண்டும் என்று சொன்னேன். மிதாலி முதலில் இறங்கினாள். பிறகு நான் இருக்கையில் நகர்ந்து போய் இறங்கினேன். அடுத்து கார்த்திக். நிர்மல் பாபு இறங்கவில்லை. முன்னால் இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் இறங்கினா வண்டி நின்னுடும்" என்றார்.

அந்த மனிதர் அந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்பது எனக்குப் புரிந்தது. போன வருஷத்து மழையில், வேறொரு வண்டியில் இருந்தார். அதட்டிப் பயனில்லை. நான் ஓட்டுநர் பக்கக் கதவருகே போய் உள்ளே கையை நீட்டினேன்.

"தாதா, வண்டி ஏற்கனவே நின்னாச்சு. நீங்க இருக்கறதால அது போகப் போறதில்ல. உங்க எடைதான் கூடுது. என் கையைப் பிடிச்சுக்கிட்டு இந்தப் பக்கம் வாங்க."

கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார். பிறகு நகர்ந்து வந்தார். அவர் இறங்கியதும் வண்டி லேசாக நிமிர்ந்ததைப் பார்த்தேன். 

வயல் வரப்பில் நின்றோம். கார்த்திக் கரையின் ஓரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தான். மெதுவான குரலில், தமிழில் சொன்னான்: "எந்த வண்டி வந்தாலும் இந்த இடத்துல போகாதுங்க மேடம். அன்னைக்கு அந்த வாடகை வண்டிக்காரன் நிறுத்துனதே பெரிய விசயம். அழுத்தியிருந்தான்னா எல்லாரும் ஆத்துக்குள்ள போயிருப்பாங்க." பிறகு, "இதை இவங்ககிட்ட எப்படிங்க சொல்றது? சொல்லோணுமா?" என்றான்.

மிதாலி எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன பேசிக்கறீங்க? பெங்காலியில சொல்லுங்க" என்றாள்.

என்னால் வேறு ஏதாவது சொல்லியிருக்க முடியும். வண்டியை எப்படி எடுப்பது என்று பேசினோம் என்றால் நம்பியிருப்பாள். கார்த்திக் சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தால் அந்த அப்பா ஒரு பாரத்திலிருந்து விடுபடுவார் என்பதும் தெரியும். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. அன்றைக்கு இந்த மண் எப்படி இருந்தது என்பதை எங்கள் இருவரில் யாரும் பார்க்கவில்லை. ஆறுதலாக இருக்கிறது என்பதற்காக ஒன்றைச் சத்தியம் போலச் சொன்னால், அதற்கும் ஷோரூமில் தலையாட்டுவதற்கும் என்ன வித்தியாசம்?

"கார்த்திக் சொல்றது இது" என்றேன். "இந்த இடத்துல எந்த வண்டியும் போகாது. அன்னிக்கு அந்த ஓட்டுநர் நிறுத்தாம இருந்தா எல்லாரும் ஆத்துல போயிருப்பாங்கன்னு அவன் நினைக்கிறான். அது அவனோட நினைப்பு. அன்னிக்கு நாங்க இங்க இல்ல. நான் கண்ணால பார்த்தது இன்னிக்குள்ளது மட்டும்தான். இது எங்ககிட்ட இருக்கிறதுலயே பலமான வண்டி. இவனைவிட நல்லா ஓட்டறவன் எங்க ஆபீஸ்ல கிடையாது. அப்படியும் இங்க நிக்குது."

 நிர்மல் பாபு சாய்ந்து நிற்கும் அந்தப் பெரிய வண்டியையே பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆட்களைக் கூட்டிவர வரப்பு வழியாக நடந்துவிட்டார்.

தண்ணீர் வடியும் நேரத்துக்காகக் காத்திருந்து, மூங்கில்களைப் பரப்பி, வயலில் ஒரு டிராக்டரை நிறுத்திக் கயிறு கட்டி, வண்டியைப் பின்பக்கமாகவே செங்கல் சாலைக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். மூங்கில் வைத்தவர்களில் நிர்மல் பாபுதான் முன்னால் நின்றார், இடுப்பு வரை சேற்றில். மிதாலி வரப்பில் நின்று குடை பிடிக்காமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

அவருடைய அண்ணன் வீட்டில் பொரியும் தேநீரும் கொடுத்தார்கள். அங்கே உட்கார்ந்துதான் நான் என் வேலையைத் தொடங்கினேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த ஓர் அதிகாரி, எந்த வண்டி வேண்டும் என்று கேட்காதே, வருஷத்தில் என்னென்ன மாதத்தில் எதை எங்கே ஏற்றிப் போகிறார்கள் என்று கேள் என்பார். அதைக் கேட்டேன். மழை நின்றதும் கரை இறுகிவிடும். சாதாரண வண்டியே போகும். மழைக்காலத்தில் எதுவும் போகாது. ஆனால் வயலுக்குப் பின்னால் ஒரு கால்வாய் உண்டு, அதில் சின்னப் படகு அண்ணன் வீட்டுக்குப் பின்புறம் வரை வரும். வெற்றிலைக் கட்டுகள் நசுங்கக் கூடாது, வெயில் படக் கூடாது. குட்டைக்குத் தீவன மூட்டை, டீசல், சில நாள் பம்ப் செட். ஆற்றுத் தண்ணீர் உப்பு. வண்டியின் அடிப்பாகத்தைச் சாப்பிட்டுவிடும்.

"உங்களுக்கு இந்தப் பெரிய வண்டி வேண்டாம்" என்றேன். "எங்ககிட்ட சின்னது ஒண்ணு இருக்கு. அதுவும் ஃபோர் வீல் டிரைவ்தான், சேத்துல மெதுவா இழுக்க லோ கியர் உண்டு. அகலம் கம்மி, எடை கம்மி. உள்ளே தண்ணி ஊத்திக் கழுவலாம். காக்த்வீப்ல இருக்கிற மெக்கானிக்கே பிரிச்சு மாட்டிடுவார். அடியில உப்புக்குப் பூச்சு போட்டுத் தரேன். மழைக்காலத்துல அதை இங்கயே, அண்ணன் வீட்டுல நிறுத்துங்க. வீட்டிலிருந்து இங்க வரைக்கும் படகுல வாங்க."

"சின்னது எனக்குப் பயமா இருக்கு, தீதி" என்றார்.

"பெரிசை வாங்கினா மழை நாள்ல இந்தக் கரையில ஏத்தாம உங்களால இருக்க முடியுமா?"

"முடியாது" என்றார்.

"அதனாலதான் சொல்றேன்."

இதைக் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நாம் விற்கும் பொருள் மனிதர்களுக்குத் தைரியத்தைக் கொடுக்கிறது. அந்தத் தைரியம் மண்ணின் பலத்தைவிட அதிகமாகிவிட்டால் ஆபத்து. யாருக்கு எவ்வளவு தைரியத்தைக் கொடுக்கலாம் என்று பார்ப்பதும் உங்கள் வேலைதான். திரும்பி வரும்போது கார்த்திக், "அவரே பெருசத்தான கேட்டாருங்க" என்றான். பிறகு அவனே, "அப்படிக் கேக்கறவங்களுக்குத்தான் குடுக்கக் கூடாது போல" என்றான்.

வண்டி மிதாலியின் பெயரில் பதிவானது. அவள்தான் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பெஹாலாவில் ஒரு பள்ளியில் சாதாரணமாக ஓட்டப் படித்துவிட்டு, சேற்றில் ஓட்டுவதை கார்த்திக்கிடம் கற்றாள். நன்றாக ஓட்டினாள். கல்லூரி முடிந்ததும் ஊருக்கே போய்விட்டாள். சந்தைக்கு வெற்றிலை அவள்தான் கொண்டு போகிறாள் என்று கேள்விப்பட்டேன்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில், சர்வீஸுக்கு வண்டியை விடுவதற்காக பெஹாலாவுக்கு வந்தாள். என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தாள். மெலிந்திருந்தாள்.

"வண்டியில ஏதாவது கோளாறா?" என்று கேட்டேன்.

"இல்ல ஆன்ட்டி. வண்டி நல்லா இருக்கு." பிறகு, "ஜேட்டிமா இறந்துட்டாங்க" என்றாள். பெரியப்பாவின் மனைவி. எங்களுக்குப் பொரியும் தேநீரும் கொடுத்த அம்மாள்.

அந்த அம்மாளுக்கும் நெஞ்சு வலிதான். பகல் வேளை, பெரிய மழை. மிதாலி கால்வாய் வழியாகப் படகில் வந்து வண்டியை எடுத்திருக்கிறாள். நிர்மல் பாபு பின் இருக்கையில் அண்ணியின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். செங்கல் சாலை பாதிக்குமேல் தண்ணீருக்குள். ஓர் இடத்தில் மரம் விழுந்து கிடக்க, வயலில் இறக்கிச் சுற்றி ஏற்றியிருக்கிறாள்.

"ஒரு இடத்துலகூட நிக்கல, ஆன்ட்டி. ஒரு இடத்துலகூட. ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்குப் போயிட்டோம். டாக்டர் இருந்தாரு. உடனே பார்த்தாரு. யாரும் எதையும் தப்பாச் செய்யல."

ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"அப்படியும் பிழைக்கல."

வெளியே சர்வீஸ் முற்றத்தில் அவள் வண்டியை மேலே தூக்கி அடிப்பாகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவள் அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஆஸ்பத்திரி வாசல் படியில அப்பா உட்கார்ந்திருந்தாரு. நான் பக்கத்துல போய் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்து, 'நீ எவ்வளவு வேகமா வந்தே, உன்னால இதுக்குமேல ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது'ன்னு சொன்னாரு. என்கிட்ட சொன்னாரு, ஆன்ட்டி. அம்மா போனதுக்கப்புறம் இதை நான் அவர்கிட்ட ஒருநாளும் சொன்னதில்ல."

"நீ என்ன சொன்னே?"

"அவர் கையைப் பிடிச்சுக்கிட்டேன். இருட்டற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்."